காசு குறைவு, ஆள் அதைவிடக் குறைவு: சிறு டிரஸ்டுகள் இணையத்தில் தென்பட எந்த வழி?

ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் ரூபாய், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஒரு ஆள். கொங்குப் பக்கத்தில் ஒரு சிறிய டிரஸ்ட் இணையத்துக்கென்று ஒதுக்க முடிவது பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்குள் வெப்சைட் போடுவதா, ஃபேஸ்புக் பேஜே போதுமா, கூகுள் இலவசமாக விளம்பரம் தருகிறதாமே அதை வாங்குவதா என்று டிரஸ்டிகள் கூட்டத்தில் பேச்சு எழும். ஆளாளுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவருடைய மருமகனுக்கு எது வருமோ அது நடக்கும்.

எது நல்ல வழி என்பதற்கு முன்னால், உங்களைத் தேடுகிறவர் யார் என்று பார்த்துவிடுவது உத்தமம். மூன்று விதமான ஆட்கள் தேடுகிறார்கள். உதவி வேண்டித் தேடுகிறவர் ஒருவர்: "பெருந்துறை பக்கம் முதியோர் இல்லம்" என்று போனைப் பார்த்துப் பேசுகிற மகன். கொடுக்க நினைத்துத் தேடுகிறவர் இன்னொருவர்: அப்பாவின் திதிக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட இடம் பார்க்கும் குடும்பம். மூன்றாமவர் எதையும் கேட்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார், சரிபார்ப்பார்: சி.எஸ்.ஆர். பணத்தை (கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவிடும் பணத்தை) யாருக்குக் கொடுக்கலாம் என்று பட்டியல் போடும் திருப்பூர் கம்பெனியின் கணக்கு அலுவலகம். முதலாமவருக்கு வேண்டியது போன் நம்பரும் வழியும். இரண்டாமவருக்கு அந்த இடத்தின் போட்டோவும், போய் வந்தவர்கள் சொன்ன வார்த்தையும். மூன்றாமவருக்குக் காகிதம். இந்த மூவரில் உங்களுக்கு இப்போது யார் முக்கியம் என்பதைப் பொறுத்துத்தான் வழி மாறும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, ஆள் நேரத்தைத் தின்பவை. அந்த ஒரே ஆள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டால், ஆறு மாதம் கழித்து எது தானாக நின்றுகொண்டிருக்கும்? கீழே உள்ள ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

மேப்பில் ஏறுவது

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்பதுதான் மேப்பில் உங்கள் பெயரும், போன் நம்பரும், திறந்திருக்கும் நேரமும் வரக் காரணமான பதிவு. பிசினஸ் என்று பெயர் இருப்பதால் டிரஸ்டுகள் பல இதைத் தொடுவதே இல்லை. காசு கிடையாது. முதலில் மூன்று நான்கு மணி நேரம், அப்புறம் மாதம் அரை மணி நேரம். முதல் இரண்டு வகை ஆட்களுக்கும் இதைவிட மலிவான வழி வேறில்லை.

டிரஸ்டின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி அதிலிருந்து பதிய வேண்டும். தன்னார்வலரின் சொந்தக் கணக்கில் பதிந்தால், அவர் போகும்போது பதிவும் அவரோடு போய்விடும். அவருக்கு மேனேஜர் உரிமை மட்டும் கொடுத்தால் எல்லா வேலையும் செய்யலாம். உரிமை ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தால், அதே பதிவைத் திறந்து உரிமை கோர வழி இருக்கிறது. பழைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் தருவார்கள்.

பெயர், போர்டில் இருப்பது போலவே இருக்கட்டும். "சிறந்த முதியோர் இல்லம் ஈரோடு கோவை" என்று ஒட்டு சேர்த்தால் பதிவு முடக்கப்படலாம். ஊரையும் சேவையையும் விளக்கப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். வகை கேட்கும் இடத்தில் பலரும் "லாப நோக்கற்ற அமைப்பு" என்று தட்டிவிடுகிறார்கள். அது இரண்டாவது வகையாக இருந்தால் போதும். அப்படிச் சொல்லி யாரும் தேடுவதில்லை. முதியோர் இல்லம், ரத்த வங்கி, விலங்குகள் காப்பகம் என்று நீங்கள் செய்யும் வேலையின் பெயரே முதல் வகையாக இருக்க வேண்டும்.

அடுத்தது மேப்பில் இடத்தைக் காட்டும் குண்டூசி. இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் காலை வாரும். செட்டிபாளையம், காளிபாளையம், புதுப்பாளையம், கவுண்டம்பாளையம்: இவற்றில் எந்தப் பெயரும் ஒரு மாவட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. முகவரியை மட்டும் தட்டி கூகுள் காட்டிய இடத்தை ஒப்புக்கொண்டால், பொள்ளாச்சி ரோட்டில் இருக்க வேண்டியது திருப்பூர்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். சேட்டிலைட் படத்தை வைத்துப் பெரிதாக்கி, கேட் இருக்கும் இடத்தில் குண்டூசியைக் கையால் நகர்த்தி வைக்க வேண்டும். கட்டடத்தின் நடுவில் வைத்தால் சில தோட்டங்களில் வண்டி பின்பக்க இட்டேரியில் கொண்டுபோய் விட்டுவிடும். கதவு எண்ணே இல்லாத தோட்டத்து வீடு என்றால், மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் பிளஸ் கோடையும் (அந்த இடத்துக்கான குறியீட்டையும்) முகவரியில் சேர்க்கலாம்.

பிறகு சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும், அரை நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ரோட்டையும் பக்கத்துக் கடை போர்டையும் காட்டி, உங்கள் போர்டைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய், அலுவலக மேஜையையும் பதிவேட்டையும் காட்டினால் முடிந்தது. போர்டு இல்லாவிட்டால் நிராகரிக்கப்படலாம். தகரப் போர்டு ஒன்று எழுதி மாட்டிய பிறகு வீடியோ எடுங்கள். உள்ளே எடுக்கும்போது தங்கியிருப்பவர்களின் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரம் நடும் குழு போல அலுவலகமே இல்லாமல் ஒருவர் வீட்டிலிருந்து இயங்கினால், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஊர்களில் வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் காட்டலாம்.

ரிவ்யூ விஷயத்தில் அவசரம் கூடாது. ஆண்டு விழா அன்று வந்த நாற்பது பேரையும் நிற்கவைத்து எழுதச் சொன்னால், ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து குவிந்தவை என்று கூகுளின் வடிகட்டி பாதியைத் தூக்கிவிடலாம். வரவேற்பு மேஜையில் ரிவ்யூ பக்கத்தின் கியூ.ஆர். அட்டை ஒன்றை வைத்து, சாப்பாடு போட்டுவிட்டுக் கிளம்புகிற குடும்பத்திடம் "முடிஞ்சா ரெண்டு வரி எழுதுங்க" என்றால் போதும். வாரம் ஒன்று வந்தாலே நல்ல வளர்ச்சி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. "அன்பு இல்லம்", "கருணை அறக்கட்டளை" என்று தேடினால் தமிழ்நாடு முழுக்க வந்து நிற்கும். "வனத்துக்குள் திருப்பூர்", "ஒளிரும் ஈரோடு" என்று தேடிப் பாருங்கள், வேறொன்று குறுக்கே வராது. பெயரில் ஊர் இருக்கிறது, சேர்க்கையும் புதிது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது ஒரு பைசா செலவில்லாத முதலீடு. பழைய டிரஸ்டுகள் பதிவுப் பெயரை மாற்ற வேண்டியதில்லை, திட்டத்துக்கு மட்டும் இப்படி ஒரு பெயர் வைக்கலாம்.

சொந்த வெப்சைட்

மூன்றாமவரை, அதாவது சரிபார்க்கிறவரை, திருப்திப்படுத்துவது இது ஒன்றுதான். கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுப்படி சி.எஸ்.ஆர். செலவு செய்ய வேண்டிய கம்பெனிகள் கொடுக்கும் டிரஸ்டுகள், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், அரசின் தொண்டு நிறுவனப் பதிவுத் தளமான தர்ப்பணில் உள்ள எண், மூன்றாண்டு ஆடிட் அறிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்த அலுவலகம் உங்களுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கில் இதையெல்லாம் போட்டாலும் ஒரு வாரத்தில் கீழே போய்விடும்.

போடும் முன்னால் ஒரு எச்சரிக்கை. டிரஸ்ட் டீடை (டிரஸ்டின் பதிவுப் பத்திரத்தை) அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் டிரஸ்டிகளின் வீட்டு முகவரியும், கையெழுத்தும், சில சமயம் ஆதார் நகலும் சேர்ந்தே போய்விடும். சான்றிதழ் எண்ணும் தேதியும் எழுத்தாக இருந்தால் போதும், நகலைக் கேட்டால் மெயிலில் அனுப்பிக்கொள்ளலாம்.

எதில் கட்டுவது என்பதில் மூன்று பாதை இருக்கிறது. கூகுள் சைட்ஸ் இலவசம், இழுத்து வைத்துக் கட்டலாம், ஹேக் ஆகும் கவலை இல்லை. அழகும் அதிகம் இல்லை. பிளாக்கரும் இலவசம்தான், செய்தி எழுதிப் போடுகிறவர்களுக்கு ஏற்றது. இரண்டிலும் சொந்த டொமைனை (சைட்டின் முகவரிப் பெயரை) இணைத்துக்கொள்ளலாம், ஆகவே ஆண்டுச் செலவு டொமைனுக்கு மட்டும்: டாட் இன், டாட் ஓஆர்ஜி இரண்டுமே சுமார் 700 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். மூன்றாவது, ஹோஸ்டிங் (சைட்டை வைக்க வாடகை இடம்) வாங்கி வேர்ட்பிரஸ் போடுவது. எதையும் செய்யலாம். ஆனால் பிளக்இன்களை (அதில் சேர்க்கும் துணை மென்பொருள்களை) மாதாமாதம் அப்டேட் செய்ய ஆள் வேண்டும். செய்யாமல் விட்ட வேர்ட்பிரஸ் சைட், சூதாட்ட விளம்பரம் ஓடும் சைட்டாக மாறி நிற்பதைப் பார்க்கலாம். ஹோஸ்டிங் விலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: முதல் ஆண்டு 1,200 ரூபாய் என்று போட்டிருப்பது, புதுப்பிக்கும்போது மூன்று மடங்காக வரலாம். வாங்கும் பக்கத்திலேயே புதுப்பிப்பு விலை என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஞாயிறு இரண்டு மணி நேரம்தான் கையிருப்பு என்றால் எங்கள் ஓட்டு கூகுள் சைட்ஸுக்கு.

பழைய அனுபவத்தில் "பிசினஸ் புரொஃபைலோடயே ஒரு வெப்சைட் இலவசமாத் தர்றாங்களே" என்று யாராவது சொன்னால், அதை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. உங்கள் நோட்டீசில் அந்த முகவரி இன்னும் அச்சாகிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

டொமைன், டிரஸ்ட் ஜிமெயிலில், டிரஸ்ட் போன் நம்பரில் பதிவாகட்டும். மூன்றாண்டுக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடுவது நல்லது. காலாவதியான டொமைனை வேறொருவர் எடுத்துக்கொண்டால் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு. பத்தாண்டு நோட்டீசிலும் ரசீதிலும் அச்சடித்த பெயர், ஆபாச சைட்டுக்குப் போகிற நிலை வரும்.

ஐந்து பக்கம் போதும்: நாங்கள் யார், என்ன செய்கிறோம், உதவி பெறுவது எப்படி, உதவுவது எப்படி, ஆவணங்கள். பக்கத் தலைப்பில் "முகப்பு" என்று விட்டுவிடாமல், "சென்னிமலை முதியோர் இல்லம்" என்பதுபோல் ஊரும் வேலையும் வர வேண்டும். உள்ளே கோவை என்றும் ஒரு இடத்தில் எழுதுங்கள், கோயம்புத்தூர் என்றும் ஒரு இடத்தில் எழுதுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் அரசு ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொள்வது நல்லது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிய அரசாணை சில நாளிலேயே வாபஸ் ஆனது நினைவிருக்கலாம். அப்போது அவசரப்பட்டு மாற்றியவர்கள் மறுபடி பழையபடிக்கு மாற்ற வேண்டியிருந்திருக்கும். பெரிய ஊர்களை எப்படி எழுதினாலும் கூகுள் கண்டுபிடித்துவிடும், சிற்றூர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தமிழ் டிரஸ்டுகளின் சைட் தேடலில் வராமல் போவதற்கு, ஆங்கில சைட்டுகளுக்கு இல்லாத ஒரு காரணம் நமக்கு உண்டு. ஆண்டறிக்கையை டி.டி.பி. சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியிருப்பார்கள். பார்வைக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். அதை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் புரியாத குப்பையாக வரும், பி.டி.எஃப். ஆக ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கூகுளுக்கு ஒன்றும் தெரியாது. சோதிப்பது சுலபம்: பி.டி.எஃபில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால் அது கூகுளுக்கும் புரிகிற யூனிகோடு எழுத்து. வராவிட்டால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு மாற்றி, ஒற்றுப் பிழைகளை ஒரு தடவை கண்ணால் பார்த்துச் சரிசெய்து ஏற்ற வேண்டும்.

இதன் தம்பி, பிளக்ஸ் டிசைன். முகாம் நடக்கும் இடம், தேதி, நம்பர் எல்லாம் ஒரே ஜே.பி.ஜி. படத்துக்குள். அதே விவரத்தை நான்கு வரி எழுத்தாகவும் கீழே போடாவிட்டால் தேடுகிறவர் கையில் அது சிக்குவது சந்தேகம்.

ஆட் கிராண்ட்ஸ்: அந்தப் பத்தாயிரம் டாலர்

கூகுள், தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புக்குத் தேடல் விளம்பரம் இலவசமாகத் தருவது உண்மைதான். பணமாக வராது. நாளொன்றுக்குச் சுமார் 329 டாலர் என்று பிரித்து, செலவாகாததை அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல் கழித்துவிடுவார்கள். ஈரோடு மாவட்டத்துக்குள் மட்டும் வேலை செய்கிற ஒரு டிரஸ்ட், இதில் மிகச் சிறு பங்கைக்கூடச் செலவழிக்க முடியாது, ஏனென்றால் அந்த வார்த்தைகளை அவ்வளவு பேர் தேடுவதில்லை. அது உங்கள் தவறு அல்ல. செலவாக வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு முழுக்கத் திறந்துவிட்டால்தான் தவறு.

முதல் வடிகட்டி தகுதி. பதிவு பெற்ற பொது டிரஸ்ட், சொசைட்டி, லாப நோக்கற்ற பிரிவு 8 கம்பெனி விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரி, பள்ளி, கல்லூரி, அரசு அமைப்பு கூடாது. நம் பக்கம் பல டிரஸ்டுகள் பள்ளிக்கூடம் நடத்துபவை. அவற்றில் பள்ளியைத் தாண்டிய தொண்டுப் பிரிவு தனியாக இருந்தால் அதற்கு வாய்ப்பு உண்டு. இரண்டாவது வடிகட்டி சைட். சொந்த டொமைன் வேண்டும், பூட்டுச் சின்னம் வருகிற பாதுகாப்பு இணைப்பு வேண்டும், சைட்டில் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடக் கூடாது. பிளாக்கரில் இலவச முகவரியில் நடத்திக்கொண்டு, நாலு காசு வரட்டும் என்று விளம்பரமும் போட்டிருப்பவர்கள் இங்கே இரண்டு தடவை தடுக்கப்படுவார்கள்.

முதலில் தொண்டு நிறுவனங்களுக்கான கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸில் பதிந்து, சரிபார்ப்பு முடிந்து, அந்தப் பக்கத்துக்குள்ளிருந்தே ஆட் கிராண்ட்ஸைச் செயல்படுத்த வேண்டும். நேராக கூகுள் ஆட்ஸ் பக்கத்துக்குப் போய் கணக்குத் தொடங்கினால் அது காசு பிடிக்கும் சாதாரணக் கணக்கு. கார்டு நம்பர் கேட்கும் திரை வந்தால் தப்பான வாசலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கிடைத்த பிறகுதான் வேலையே. கணக்கு முழுமைக்கும் கிளிக் விகிதம் (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பது) மாதம் 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தொடர்ந்து இரண்டு மாதம் குறைந்தால் கணக்கை நிறுத்திவைப்பார்கள். "நன்கொடை", "அனாதை" என்று ஒற்றைச் சொல்லைத் தேடுசொல்லாக வைக்க அனுமதி இல்லை. கூகுள் போடும் தர மதிப்பு 1 அல்லது 2 உள்ள சொற்களை நிறுத்திவிட வேண்டும். விளம்பரத்துக்குக் கீழே வரும் கிளை இணைப்புகள் குறைந்தது இரண்டு வேண்டும், ஆக ஒற்றைப் பக்க சைட் தேறாது. ஆண்டுக்கொரு தடவை கேள்விப் பட்டியலுக்குப் பதில் அனுப்ப வேண்டும். ஒரு கிளிக்குக்கு 2 டாலர் உச்சவரம்பு உண்டு. கன்வெர்ஷனை (விளம்பரம் வழியே வந்தவர் நீங்கள் எதிர்பார்த்ததைச் செய்வதை) அதிகமாக்கும் ஏல முறைக்கு மாறினால் அது தளரும். கன்வெர்ஷன் என்று போன் பட்டனை அழுத்தியதையும், படிவம் நிரப்பியதையும் எண்ணுங்கள். முகப்புப் பக்கம் திறந்ததையெல்லாம் எண்ணினால் கணக்கு பளபளவென்று இருக்கும், போன் மணி அடிக்காது.

தமிழில் விளம்பரம் எழுதலாம், 2018 பிப்ரவரியிலிருந்து கூகுள் தமிழை ஏற்கிறது. ஆனால் எண்ணிக்கையில் ஒரு நெருக்கடி. தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90. "சென்னிமலை முதியோர் இல்லம்" என்பது நம் கணக்கில் இடைவெளி சேர்த்து 15. கணினிக்கு "செ" ஓர் எழுத்து அல்ல, ச-வும் ஒற்றைக் கொம்பும் சேர்ந்து இரண்டு; "ன்" என்பது ன-வும் புள்ளியும், இரண்டு. அப்படிக் கூட்டினால் அதே தலைப்பு 25. மிச்சம் ஐந்தில் "இலவசம்" கூட நுழையாது. ஆகவே ஊர் ஒரு தலைப்பு, சேவை ஒரு தலைப்பு, "24 மணி நேரமும்" என்பது ஒரு தலைப்பு என்று உடைத்து எழுத வேண்டும். தேடுசொற்களில் தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் ஒன்று என மூன்றையும் வையுங்கள். தமிழ் தட்டச்சு தெரியாமல் மூன்றாவது வழியில் தட்டுகிறவர்கள் ஏராளம்.

ஆக, இது யாருக்கு? வெளியூர்க்காரரும் தேடி வரக்கூடிய சேவை இருப்பவர்களுக்கு: செயற்கைக் கால், ஆட்டிசப் பயிற்சி, பாம்புக்கடி விழிப்புணர்வு போல. அதோடு, முதல் மூன்று மாதம் வாரம் ஒரு மணி நேரம் உட்கார ஆள் இருந்தால். பக்கத்து நாலு ஊருக்குச் சாப்பாடு போடும் டிரஸ்டுக்கு இது தேவையே இல்லை, மேப் பதிவே அந்த வேலையைச் செய்துவிடும். பத்தாயிரம் டாலர் என்ற எண்ணைப் பார்த்து மயங்கி, மற்றதை விட்டுவிட்டு இதில் ஆறு மாதம் போக்குவதுதான் அடிக்கடி நடக்கும் வீண்.

ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப்

ஃபேஸ்புக் போஸ்டின் ஆயுள் ஓரிரு நாள். பேஜைத் தொடர்கிறவர்களிலும் சிறு பகுதிக்குத்தான் போய்ச் சேரும். வாரம் மூன்று போட ஆள் இல்லாவிட்டால், கடைசியாக 2022 தீபாவளி வாழ்த்தோடு நின்றுபோன பேஜ் "இந்த டிரஸ்ட் இப்ப இருக்குதா?" என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். அதற்குப் பேஜ் இல்லாமல் இருப்பதே மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாவும் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும்: தேதி குறித்த நிகழ்ச்சி. பொள்ளாச்சியில் அடுத்த ஞாயிறு கண் சிகிச்சை முகாம் என்றால், அது நடப்பதே தெரியாதவர் கூகுளில் தேட மாட்டார். அங்கே 1,000 ரூபாய் பூஸ்ட் (காசு கட்டி போஸ்டைப் பலருக்குக் காட்டுவது) நியாயமான செலவு. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பிடிப்பார்கள். நோக்கம் என்ற இடத்தில் லைக்குகளைத் தேர்ந்தெடுக்காமல், போன் அழைப்பையோ மெசேஜையோ தேர்ந்தெடுங்கள். ஊரைச் சுற்றி 25 கிலோமீட்டர், வயது 35-க்கு மேல், முகாமுக்கு ஐந்து நாள் முன்பு தொடக்கம். முகாமுக்கு வர வேண்டிய பெரியவர் ஃபேஸ்புக்கில் இல்லாமல் இருக்கலாம், அவரைக் கூட்டி வருகிற மகளோ மருமகளோ இருப்பார்.

யூடியூப் வேறு சாதி. இரண்டு நிமிட வீடியோ இரண்டு ஆண்டு கழித்தும் தேடலில் வரும். "எங்கள் ஆண்டு விழா 2024" என்று ஏற்றுவதில் பயன் இல்லை, விழாவுக்கு வந்தவர்களே பார்க்க மாட்டார்கள். "முதல்வர் காப்பீட்டு அட்டை வாங்க என்ன காகிதம் வேண்டும்", "மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது எப்படி" என்று உங்கள் அலுவலகத்தில் தினமும் கேட்கப்படும் கேள்விக்கு, அதைத் தினமும் சொல்கிற ஊழியரையே நம் பேச்சில் சொல்லவைத்துப் பதிவு செய்தால் போதும். காலர் மைக் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். படம் சுமாராக இருந்தாலும் பொறுப்பார்கள், சத்தம் கேட்காவிட்டால் நகர்ந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்

புது ஆளைக் கொண்டு வராது. இருக்கிற ஆளைத் தக்கவைக்கும், அதில் இதற்கு ஈடில்லை. குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். நன்கொடையாளர் பட்டியலை ஊருக்குக் கொடுத்த மாதிரி. காலை வணக்கப் பூக்களில் உங்கள் செய்தியும் மூழ்கிவிடும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் நம்பரை அவர்கள் சேவ் செய்திருந்தால்தான் போகும். சேனலில் எண்ணிக்கைக் கட்டு இல்லை, நம்பரும் வெளியே தெரியாது. நன்கொடையாளருக்குச் சேனல், தன்னார்வலர்களுக்கு அட்மின் மட்டும் பேசும் குரூப் என்று பிரிப்பது சரியாக வரும். ஒரே நேரத்தில் ஐயாயிரம் பேருக்கு அனுப்பித் தருகிறேன் என்று மென்பொருள் விற்க வருகிறவரை அனுப்பிவிடுங்கள். நம்பரே தடையாகிவிடும், பிறகு நோட்டீசில் அச்சடித்த அந்த நம்பரை என்ன செய்வது?

விக்கிப்பீடியாவில் நம் டிரஸ்டைப் பற்றி நாமே கட்டுரை எழுதலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். வெளி ஊடகச் சான்று இல்லாமல், சம்பந்தப்பட்டவரே எழுதியது நீக்கப்படும். அந்த நேரத்தில் தர்ப்பண் தளத்தில் உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள், ஐந்தாண்டுக்கு முந்தைய போன் நம்பர் அங்கே இருக்கக்கூடும்.

தென்பட்டதால் வரும் வம்பு

இணையத்தில் தெரிய ஆரம்பித்ததும் இரண்டு இடத்தில் கை சுட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்கள் நன்கொடைக்காகப் பிள்ளைகள் முகத்தைப் போடுவது பழகிப்போன காரியம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கொண்டாட வரும் குடும்பம் எடுத்துப் போடும் செல்ஃபியும் இதில் சேர்த்தி. வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். கை, தட்டு, வரிசையாக விட்ட செருப்பு, பின்பக்கம் இவற்றை எடுத்தாலே படம் பேசும்.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருப்பதால் இது நிச்சயம் வரும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றி ஓ.சி.ஐ. அட்டையோடு இருப்பவர் கொடுத்தால் ஆகும், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. ஆகவே நன்கொடைப் பக்கத்தில் ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே வைத்தால் வெளிநாட்டு கார்டுகளை முடக்கிவைத்து, குடியுரிமையைக் கேட்கும் கட்டம் ஒன்றும் சேர்க்க வேண்டும். வெறும் யு.பி.ஐ. கியூ.ஆர். போதும் என்பவர்கள் டிரஸ்ட் வங்கிக் கணக்கின் கியூ.ஆரை மட்டும் போடுங்கள், செயலாளரின் சொந்த நம்பருடையது கூடவே கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை கிடையாது என்பதையும் அதன் கீழேயே எழுதிவிட்டால், ரசீது நேரத்து வாக்குவாதம் மிச்சம்.

எதை முதலில்

சென்னிமலைப் பக்கம் 22 பேர் தங்கியிருக்கும் ஒரு முதியோர் இல்லம், கையில் 6,000 ரூபாய், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்: முதல் இரண்டு ஞாயிறு மேப் பதிவு, போர்டு உட்பட 2,000 ரூபாய். அடுத்த நான்கு ஞாயிறு ஐந்து பக்க கூகுள் சைட்ஸ், டொமைன் மூன்றாண்டுக்குச் சுமார் 3,500. ஏழாவது ஞாயிறு தர்ப்பண் திருத்தமும் வாட்ஸ்அப் சேனலும். யூடியூபில் மாதம் ஒன்று, முடிந்தால். ஃபேஸ்புக் வேண்டாம், ஆட் கிராண்ட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். இதே இடத்தில் ஆட்டிசப் பயிற்சி மையம் இருந்தால், சைட் முடிந்த கையோடு ஆட் கிராண்ட்ஸ். மாதம் ஒரு மருத்துவ முகாம் நடத்தும் டிரஸ்ட் என்றால், டொமைனை ஓராண்டுக்கு மட்டும் எடுத்து மீதியைப் பூஸ்டுக்கு வையுங்கள். சி.எஸ்.ஆர். நம்பி இருக்கும் டிரஸ்ட் முதல் ஞாயிறே ஆவணப் பக்கத்தில் உட்கார வேண்டும், மேப் இரண்டாவது.

மூன்று மாதம் கழித்துப் பலனைப் பார்க்க, பிசினஸ் புரொஃபைலில் எத்தனை போன், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற எண் வரும். அதைவிட நம்பகமானது வரவேற்பு மேஜையில் இருக்கும் நோட்டு. வருகைப் பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம் போட்டு, போனை எடுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் "எங்களை எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டு ஒரே வார்த்தையில் குறிக்க வேண்டும்: மேப், யூடியூப், சொந்தக்காரர், நோட்டீஸ். "மேப்புலதானுங்க பாத்தோம், ஆனா ரெண்டு நாளா போனே எடுக்கலீங்களே" என்று ஒருவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இரண்டு மூன்று தடவை வந்துவிட்டால், அடுத்த 500 ரூபாயை வேறெதற்கும் வைக்காமல் ஒரு பழைய போனுக்கு சிம் வாங்கி, இரவுக் காவலர் கையில் கொடுத்துவிடுங்கள்.